கடல் 400 அடி கீழே இறங்கிய காலம்!

சேந்தமங்கலத்தில் கிணறு வெட்டுகிறவர்கள், மண்ணைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லி விடுவார்கள். மேலே செம்மண். பிறகு சுக்கான். அதற்கும் கீழே பாறை.

கடலுக்கு அடியிலும் இப்படி மண் அடுக்குகள் உண்டு. விஞ்ஞானிகள் கப்பலில் போய், நீண்ட குழாயைக் கடல் தரையில் இறக்குகிறார்கள். குழாய்க்குள் ஏறும் மண்ணை மேலே எடுத்து ஆராய்கிறார்கள். அந்த மண் ஒரு பெரிய கதையைச் சொல்கிறது.

மலையாகக் குவிந்த பனி

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் கடும் குளிர். கடலில் இருந்து ஆவியான தண்ணீர், வடக்கு நாடுகளில் பனியாக விழுந்தது. அது உருகவில்லை. மலை மலையாகக் குவிந்தது.

கடலுக்குத் தண்ணீர் திரும்பாததால், கடல் மட்டம் சுமார் 400 அடி தாழ்ந்தது. மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி. அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்!

அன்று ராமேசுவரத்தில் இருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம்.

வடதுருவத்தில்...

சைபீரியாவின் வடக்குக் கடலோரம் அன்று உறைந்துபோன தரை. பனி உருகியதும் கடல் ஏறி வந்து அதை மூடியது. அதன்மேல் லேனா ஆற்றின் வண்டல் படிந்தது. உறைந்த மண் இன்றும் கடலுக்கு அடியில் இருக்கிறது.

நார்வேக்கு வடக்கே உள்ள பாரன்ட்ஸ் கடலில், பனிப்பாளமே தரையில் படுத்திருந்தது. அது நகர்ந்தபோது பாறையை அரைத்து, களிமண்ணும் கல்லும் கலந்த அடுக்கை விட்டுச் சென்றது.

இந்தியக் கடலிலும் இந்த அடையாளம் உண்டு. கரையில் இருக்க வேண்டிய மணலும் சிப்பி ஓடும், தொலைவில் ஆழத்தில் கிடக்கின்றன. பழைய கடற்கரை அங்கேதான் இருந்தது.

டெல்டா பிறந்தது எப்படி?

சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறும் வேகம் குறைந்தது. அதன் பிறகே ஆற்று மண் கரையோரம் தங்கியது. உலகின் பெரிய டெல்டாக்கள் பல அப்படி வளர்ந்தவை.

இப்போது கடல் மீண்டும் ஏறுகிறது. 1901 முதல் 2018 வரை 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், ஏறிவிட்டது என்கிறது ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவின் 2021-ம் ஆண்டு அறிக்கை. வேகமும் கூடி வருகிறது. பூமி சூடாவதே காரணம்.

சேந்தமங்கலத்துக்கு என்ன?

கடல் வெகு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்து மண், திருமணிமுத்தாறு போன்ற ஆறுகள் வழியாகக் காவிரிக்குப் போகிறது. கடல் ஏறும்போது டெல்டாவைத் தாங்கி நிற்பது இந்த ஆற்று மண்தான்.

1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, வண்டலில் ஒரு பங்கு அணையிலேயே தங்கி விடுகிறது. மீதி மணலையும் ஆற்றில் அள்ளிவிட்டால், கடலோரத்துக்குப் போய்ச் சேருவது என்ன?

ஆற்று மணலைக் காப்பது, தஞ்சை, நாகை மக்களின் நிலத்தையும் காப்பதாகும்.