பட்டை வரைபடத்தின் பொய்ச்சாட்சி

கோப்பு முறைமைகளை ஒப்பிடும் ஆய்வேடுகளில் தவறாமல் ஒரு பட்டை வரைபடம் இடம்பெறுகிறது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவற்றில் உயரமான பட்டைக்கே வாகை. அவ்வரைபடம் எதை அளந்தது என்று வாய்மொழித் தேர்வில் கேட்போர் அரியர்.

16 ஜிபி நினைவகமுள்ள கணினியில் 2 ஜிபி கோப்பை எழுதி, அதையே திரும்பத் திரும்பப் படித்தால், வட்டு ஏறக்குறைய தொடப்படுவதேயில்லை. லினக்ஸ் அக்கோப்பை நினைவகத்திலேயே வைத்திருந்து எடுத்துத் தருகிறது. அளக்கப்பட்டது நினைவகத்தின் வேகம். பெயர் மட்டும் கோப்பு முறைமையுடையது. 1997இல் வந்த போஸ்ட்மார்க் சோதனை நிரல், அமைப்பை மாற்றாமல் இயக்கினால், தொடக்கத்தில் 500 சிறு கோப்புகளையே படைக்கும். மொத்தம் 5 எம்பிகூடத் தேறாது. டிரேகர், சடோக் முதலியோர் 106 கட்டுரைகளின் 415 சோதனைகளை ஆராய்ந்து, புகழ்பெற்ற சோதனைகளில் பெரும்பாலானவை குறையுடையவை என்று 2008இலேயே எழுதிவிட்டனர். அக்கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு அதே பிழையைச் செய்வது தனிக்கலை.

இதனினும் கொடியது, வாக்குறுதிகளை ஒப்பிடாமல் வேகத்தை ஒப்பிடுவது. வட்டு தன் தற்காலிகச் சேமிப்பில் வைத்திருப்பதை நிலையாக எழுதச் செய்யும் ஏற்பாடு 'பேரியர்'. மூல லினக்ஸில் எக்ஸ்ட்3க்கு அது நெடுங்காலம் இயல்பாக அணைக்கப்பட்டிருந்தது. எக்ஸ்ட்4க்கு இயல்பாகவே இயங்கியது. அடிக்கடி எஃப்சிங்க் கோரும் பணிகளில் எக்ஸ்ட்4 பின்தங்கியதில் வியப்பென்ன? கடையைப் பூட்டாமல் புறப்பட்டவர் முதலில் வீடு சேர்ந்தார் என்று பரிசளிப்பதற்கு இது ஒப்பாகும். மின்சாரம் போகும் நாளில்தான் வேறுபாடு தெரியும். சோதனைக்கூடத்தில் அந்த நாள் வருவதேயில்லை.

பிடிஆர்எஃப்எஸ் கதையும் இத்தகையதே. தரவுத்தளக் கோப்பின் நடுநடுவே சிறு மாற்றங்கள் எழுதப்படும்போது அது தளர்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் புதிய இடத்தில் எழுதுவது அதன் இயல்பு. உடனே ஆய்வாளர் 'நோடேட்டாகவ்' விருப்பத்தை இட்டு வேகத்தை மீட்கிறார். தரவுச் சரிபார்ப்பும் அத்துடன் அணைந்துவிட்டதை அட்டவணை சொல்வதில்லை.

இயல்பு அமைப்பில் ஒப்பிடுவதே நடுநிலை, பயனரும் அப்படித்தானே பயன்படுத்துகிறார் என்பது வழக்கமான மறுமொழி. அவ்வாறாயின் தலைப்பும் இயல்பு அமைப்புகளின் ஒப்பீடு என்றே இருக்கட்டும். எந்த வடிவமைப்பு சிறந்தது என்ற தீர்ப்பு முடிவுரையில் எதற்கு?

நினைவக அளவு, மவுண்ட் விருப்பங்கள், எஃப்சிங்க் அழைக்கப்பட்டதா, வட்டு எவ்வளவு நிரம்பியிருந்தது, எத்தனை முறை இயக்கப்பட்டது, எண்கள் எவ்வளவு சிதறின: இவற்றை எழுத அரைப் பக்கம் போதும். நன்றியுரைக்கு மூன்று பக்கம் ஒதுக்கும் ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை என்பது நம்பத்தக்கதன்று.