விற்ற பொருளுக்குப் பூட்டு ஏன்?

நாற்பத்தெட்டு மடைக்குப் பேர்போனது நமது ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய். தீர்வையை வாங்கிக்கொண்டு மடையைப் பூட்டினால் பொறுப்போமா? கம்ப்யூட்டருக்கு மூளையான சில்லை விற்கும் இன்டெல் கம்பெனி செய்வது இதுதான். 2010-ல் பென்டியம் ஜி6951 சில்லின் திறனில் ஒரு பகுதியைப் பூட்டி விற்றது. அமெரிக்காவில் 50 டாலர் அட்டை வாங்கினால் திறக்கும் என்றது!

பூட்டிய ஸ்கைலேக் சில்லுகளையும் சிலர் கைத்திறனால் வேகம் கூட்டி ஓட்டினர். 2016-ல் புதிய நிரல் விட்டு அந்த வழியையும் அடைத்தது.

வேகம் கூடினால் சூடேறிக் கெடுமாம். அப்படியானால் பூட்டில்லாத ‘கே’ ரகத்தைக் கூடுதல் விலைக்கு விற்பானேன்? காசு கொடுத்தால் சூடு தணியுமா?

தறிக்கும் டிராக்டருக்கும் சில்லு வந்துவிட்டது. நாளை பூட்டு நமது பிழைப்பின் மீதுதான் விழும். விலை கொடுத்தவனுக்கே சாவி! இதைச் சட்டமாக்கக் கோருவோம்.