37 டிகிரிதானே... என்ன ஆகிடும்? வெயிலை விட புழுக்கம் ஏன் ஆபத்து?

கோடையில் மதியம் 2 மணிக்கு மட்டையைத் தூக்கிக்கிட்டு கிரவுண்டுக்குக் கிளம்புறவரா நீங்க? முதல்ல இதைப் படிங்க.

1986 செப்டம்பர், சேப்பாக்கம். 'டை' ஆன அந்த டெஸ்ட்டில் 210 ரன் குவித்த ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ், களத்திலேயே வாந்தி எடுத்தார். ஆட்டமிழந்ததும் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

உடம்புக்குள் என்ன நடக்குது?

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றிலேயே ஈரம் அதிகம் என்றால் வியர்வை வழியும், ஆனால் காயாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். வெப்ப அலைக்கு வானிலை ஆய்வு மையம் வைத்திருக்கும் அளவு சமவெளியில் 40 டிகிரி. கடலோரத்தில் 37 டிகிரியே போதும்!

யாருக்குச் சிக்கல்?

கோல்ஃபில் 18 குழியையும் முடிக்க சுமார் 4 மணி நேரம் வெட்டவெளியில் நடக்கணும். ஆனாலும் கோல்ஃப் ஆடுபவர் விடியற்காலையிலேயே ஆடிவிடலாம். தலை சுற்றினால் நிறுத்தலாம்.

காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் கால் வைத்து உட்காரும் பட்டு நெசவாளர்? அவருக்குக் கூலி நாளுக்கு இல்லை, சேலைக்குத்தான். புழுக்கத்தில் தறி நின்றால் கூலியும் தள்ளிப்போகும்.

அரசு என்ன செய்தது?

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக தமிழக அரசு அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அது உயிர் போன பிறகு. போகாமல் காக்க, கூலி குறையாத மதிய ஓய்வுதான் வழி.

கவனிங்க: தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிழலுக்குப் போங்க. பேச்சு குழறினால் 108-ஐ அழைங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத்துணியால் உடலைக் குளிர வையுங்க.