பள்ளிவாசல் சர்க்கரை

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் ஓர் ஏழைத் தந்தை, பள்ளிவாசலுக்கான சர்க்கரையை வீட்டில் உடைத்துக்கொண்டிருக்கிறார். தம் தேநீருக்குச் சர்க்கரை கேட்கிறார். எதிரிலேயே இருக்கிறதே என்கிறாள் மகள். அது பள்ளிவாசலுடையது, நம்மை நம்பி ஒப்படைத்தது என மறுக்கிறார் அவர். அமானிதம் என்னும் சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்க இக்காட்சி ஒன்றே போதும். இப்படமே 2022இல் ‘அக்கா குருவி’ எனத் தமிழில் வந்தது.

இதற்கு நேர்மாறானது ‘ஸ்கேம் 1992’ (2020) தொடர். வங்கிகளின் பணத்தைப் பங்குச்சந்தைக்குத் திருப்பிய ஹர்ஷத் மேத்தாவின் கதை. விறுவிறுப்பு மிக்கது, ஆயினும் குடும்பத்தோடு காண இயலாத வசைச்சொற்கள் உண்டு. ஊரார் பணத்தில் விளையாடியவரை வீரராகக் காட்டும் இடங்கள் அதனினும் நெருடுகின்றன. இளைஞர் மனத்தில் தங்குவது முடிவிலுள்ள சிறையா, முன்னாலுள்ள ஆடம்பரமா?

வணிக நூல்களில் முஹம்மது யூனுஸின் ‘பேங்கர் டு தி புவர்’ படிக்கத் தக்கது. 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு, ஈடு எதுவுமின்றி, 856 டாக்கா கொடுத்தார். ஏழையை நம்பலாம் என்று காட்டினார். ஆனால், அதிலிருந்து வளர்ந்த கிராமீன் வங்கி வட்டி வாங்குகிறது. அதை நாம் ஏற்பதற்கில்லை. அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு வட்டியை விலக்கினால் எஞ்சுவது அழகிய கடன். அதற்கு ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பைத்துல்மால் வேண்டும். அதன் பெட்டிச் சாவியை அந்தச் சர்க்கரைத் தந்தை போன்ற ஒருவர் வைத்திருக்க வேண்டும்.