பேசத் தெரிந்த பிள்ளைகள் வேண்டாமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் ஐதராபாத், செகந்திராபாத் பள்ளிகளில் ஆண்டு விழா அமர்க்களம் தொடங்கிவிடும். வாடகைக் கிரீடம், அட்டைக் கத்தி, ஜிகினா உடை என்று பெற்றோர் தலையில் செலவு விழும். மேடையில் இரண்டு பிள்ளைகளுக்கு வசனம். மற்ற முப்பது பேரும் மரமாகவும் மேகமாகவும் நிற்பார்கள். பல இடங்களில் வசனமும் ஒலிப்பதிவில் ஓட, பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள். போட்டோ எடுத்தவுடன் எல்லாம் முடிந்துவிடும். இதற்குப் பெயர் நாடகம்! இதில் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் தக்கினி, வகுப்பில் ஆங்கிலம். நான்கு மொழி தெரிந்த பிள்ளை, நாலு பேர் முன்னால் வாய் திறக்க அஞ்சுகிறது. தொண்ணூறு மார்க் வாங்கியவன் நேர்முகத் தேர்வில் தரையைப் பார்க்கிறான். ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் போன்றவர்கள் இதை அன்றாடம் காண்கிறோம். பட்டம் பெற்ற இளைஞர்கூடத் தமக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்கத் தெரியாமல் காகிதத்தை நீட்டிவிட்டு மௌனமாக நிற்கிறார். பிழைக்க வந்த ஊரில் வாய் திறக்காதவனுக்கு நியாயம்கூடத் தாமதமாகத்தான் கிடைக்கும்.

இந்தக் குறைக்கு நாடகப் பயிற்சி நல்ல மருந்து. கத்தாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பேசுவது, மூச்சை அடக்கி விடுவது, ல, ள, ழ குழம்பாமல் உச்சரிப்பது, எதிரில் நிற்பவர் கண்ணைப் பார்ப்பது, அவர் பேசி முடிக்கும்வரை காது கொடுப்பது - இவைதான் நடிப்பின் அரிச்சுவடி. இதற்குத் திரையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். வாரம் ஒரு பீரியடும் ஒரு காலி அறையும் போதும். "உன் ரயில் டிக்கெட் தொலைந்துவிட்டது, பரிசோதகரிடம் பேசு" என்று இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்துங்கள். பிறகு இருவரையும் இடம் மாற்றுங்கள். பிறர் நிலையில் நின்று பார்க்கும் குணம் தானே வரும்.

நமக்கு இது புதிதுமல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் புகட்டினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தாம். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனியில் பாடம் கேட்டவர்களே. ஆனால் அந்தச் சிறுவர்களுக்குக் கம்பெனியே வீடு. பள்ளிப் படிப்பு போயிற்று. இன்று நாம் கேட்பது அதுவல்ல. பள்ளிக்குள்ளேயே அந்தப் பயிற்சி வரவேண்டும் என்பதுதான்.

"என் பிள்ளை கூத்தாடியாக வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். பம்மல் சம்பந்த முதலியாரும் இளமையில் தமிழ் நாடகத்தை இகழ்ந்தவரே. பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினர் சென்னைக்கு வந்து ஆடிய தெலுங்கு நாடகங்களைப் பார்த்துத்தான் மனம் மாறினார். 1891-ல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையை நிறுவினார். பின்னர் நீதிபதியாகவும் அமர்ந்தார். நாடகம் அவர் உத்தியோகத்தைக் கெடுக்கவில்லை. தெலுங்கு மேடை தமிழனுக்குச் செய்த இந்த உதவியை, தெலுங்கு மண்ணில் வாழும் நாம் மறக்கலாமா?

குரு தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1885-ல் கடப்பைச் சீமையின் சுரபி கிராமத்தில் 'கீசக வதம்' ஆடித் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பங்கள் நம் லிங்கம்பள்ளிப் பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. தவழும் வயதிலேயே மேடை பழகும் பரம்பரை அது. அவர்களில் நாகேஸ்வர ராவ் 2013-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2022-ல் மறைந்தார். அருகிலேயே உள்ள ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையும் இருக்கிறது. அங்கே படித்து வருபவர்களைப் பள்ளிகள் அழைத்தால் இருசாராருக்கும் நன்மை.

பாடம் முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது பொய்யல்ல. அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவரே என்னதான் செய்வார்? ஆகவே தனிப் பாடமாக வேண்டாம்; சரித்திரப் பாடத்தையோ மொழிப் பாடத்தையோ நடித்துக் காட்டச் சொல்லலாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கலையைப் பாடத்தோடு இணைக்கச் சொல்கிறது. காகிதத்தில் இருப்பதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. இதற்கு மார்க்கும் பரிசும் மட்டும் வைத்துவிடக் கூடாது. வைத்தால், நன்றாகப் பேசும் பிள்ளையே மறுபடி முன்னால் நிற்கும்; கூச்சப்படும் பிள்ளை மறுபடி மரமாகிவிடும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்குச் சென்னையிலிருந்து பேச்சாளரை வரவழைக்கும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு நாடக வகுப்பு நடத்துங்கள். தமிழ் எழுத்தே அறியாமல் வளரும் பிள்ளையும், தான் பேசவேண்டிய வசனத்துக்காகவாவது தமிழைக் கூட்டிப் படிக்கத் தொடங்கும். வருகிற பொங்கலுக்கு மேடையில் தலைவர்கள் பேசுவது சற்றுக் குறையட்டும். நம் பிள்ளைகள் பேசட்டும்.