காசு கொடுத்தால் ரத்தம் நிற்குமா?

“அரசு ஜி.எச்.சில் கூட்டம், தாதியர் அதட்டுவார்கள். கடன் வாங்கியாவது தனியாரில் பெற்றுக்கொள், அதுதான் பாதுகாப்பு.” மலேசியாவில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் அறிவுரை இது. கூட்டம் உண்மைதான், அதட்டலும் பலர் பட்டதுதான். பாதுகாப்புக் கணக்கு மட்டும் உதைக்கிறது.

“டாக்டர் கூடவே இருப்பார்.” 2019 ஜனவரியில் கிள்ளானில் ஒரு தனியார் மகப்பேறு மையத்தில் பிள்ளை பெற்ற தாய் ரத்தப்போக்கால் இறந்தார். 2025இல் உயர் நீதிமன்றம் ஏறத்தாழ 60 லட்சம் ரிங்கிட் இழப்பீடு விதித்தது. டாக்டர்கள் இல்லாமலில்லை; தகுதியற்ற தாதியர் பொறுப்பில் அவரை விட்டுப் போனார்கள் என்பதே தீர்ப்பு கண்ட குற்றம்.

“ஏதாவது ஆனால் பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிடம்தானே?” நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி விழுந்தபின் கருப்பை சுருங்கினால்தான் அந்தக் குழாய்கள் அடைபடும். சுருங்காதவளை ஆம்புலன்சில் ஏற்றி, கிள்ளான் நெரிசலைக் கடந்து, ரத்தவகை பார்த்துப் பை ஏற்றுவதற்குள் பத்து நிமிடம் எந்த மூலைக்கு? பெரிய அரசு மருத்துவமனையில் ‘ரெட் அலர்ட்’ அவசர அழைப்பு கொடுத்தால் மகப்பேறு நிபுணர், மயக்க மருந்து நிபுணர், ரத்த வங்கி என எல்லாம் ஒரே கூரையின்கீழ் திரளும்.

“பிள்ளை பெற்றால் ரத்தம் போகத்தான் செய்யும்.” போகும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. துணியும் பஞ்சும் உறிஞ்சியதைக் கண் குறைத்தே மதிப்பிடும். திடமான இளம் உடம்பு, நிறைய இழக்கும்வரை ரத்த அழுத்தத்தைத் தாக்குப்பிடித்துக் காட்டும். 2023இல் வெளிவந்த இ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்காவில் இரண்டு லட்சம் பிரசவங்களுக்கு மேல் பார்த்தது. அளவுகோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்து, வயிற்றைப் பிசைதல், ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், சலைன், பரிசோதனை அனைத்தையும் உடனே ஒருசேரச் செய்தார்கள். கடும் ரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவையும் மரணமும் சேர்ந்து 60 விழுக்காடு குறைந்தன. அதைச் சாதித்தது குளிர்சாதனத் தனியறை அல்ல, பழகிய கைகள்.

அறுவை அரங்கும் ரத்தக் கையிருப்பும் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இங்கே உண்டு. ஆகவே, பதியும்போதே கேளுங்கள்: ரத்தத்தை எப்படி அளப்பீர்கள்? பிரசவத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரம் எந்தப் பதிவுபெற்ற தாதி பக்கத்தில் இருப்பார்? ரத்தப்பை எங்கிருந்து, எத்தனை நிமிடத்தில் வரும்? பதில் மழுப்பலாக வந்தால் இடத்தை மாற்றுங்கள். ஏழாம் மாதத்தில் மாற்றுவது, ஆம்புலன்சில் மாற்றுவதைவிடச் சுலபம்.