அக்கி தோல்நோய் அன்று!

இப்பதிவைச் சினத்தோடும் குற்றவுணர்வோடும் எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டில், 68 வயதான என் தாயாருக்கு வலப்பக்க விலாவில் தீயாய் எரிச்சல் கண்டது. தோலில் எந்த அடையாளமும் இல்லை. அருகிலிருந்த மருந்தகத்தில் 'ஒவ்வாமை' என்று களிம்பு கொடுத்தனுப்பினார்கள். மூன்றாம் நாள் கொப்புளங்கள் வரிசைகட்டி எழுந்தன. உறவினர் ஒருவர், "இது அக்கி, ஊசி போடாதே, உள்ளே இறங்கிவிடும்" என்று கூறிச் செங்காவியைக் குழைத்து எழுதினார். ஆசிரியப் பயிற்சி பெற்று, மாணவர்க்கு அறிவியல் போதிக்கும் நானோ, பெரியவர் சொல்லைத் தட்டலாகாது என்று வாய்மூடி நின்றேன்! மேலும் ஐந்து நாள் கழிந்த பின்னரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்.

கொப்புளங்கள் என்றோ ஆறிவிட்டன. வலி ஆறவில்லை. இன்றும் சேலை உரசினாலே அம்மா துடிக்கிறார். "புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன வலி?" என்று கேட்போருக்கு என்ன விடை சொல்வது?

அக்கி நரம்பில் தொடங்கும் நோய். சின்னம்மை வந்து போனாலும் அதன் கிருமி உடலைவிட்டுப் போவதில்லை; நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கிறது. முதுமையில் எதிர்ப்பாற்றல் குன்றும்போது விழித்தெழுந்து, நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. ஆகவேதான் வலி முந்துகிறது, கொப்புளம் பிந்துகிறது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் படர்கிறது.

"காவி எழுதினால் ஆறுகிறதே" என்பார்கள். எழுதாவிட்டாலும் கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமே காய்ந்துவிடும். பெயர் காவிக்கு; இழப்பு நோயாளிக்கு!

அசைக்ளோவிர் போன்ற மருந்துகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குவதே சிறப்பு. தொடங்கியிருந்தால் அம்மாவுக்கு வலியே எஞ்சியிராது என்று உறுதி கூற இயலாது. ஆனால், அந்த வாய்ப்பை நாங்கள் காவியில் கரைத்தோம் என்பது உறுதி. நெற்றியிலோ கண்ணருகிலோ அக்கி கண்டால் பார்வையே பறிபோகலாம். ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

மரபைப் பழிப்பதாக என்மீது சினம் கொள்ளாதீர்கள். மருந்து இல்லாத காலத்தில் நம் முன்னோர் கையிலிருந்ததைக் கொண்டு ஆறுதல் தேடினர். மருந்தும், 50 வயதைக் கடந்தோருக்குத் தடுப்பூசியும் இருக்கும் இக்காலத்தில், காவியைக் கட்டிக்கொண்டு அழுவது மரபுப் பற்று ஆகாது, மடமையே ஆகும்.

ஆசிரியத் தோழர்களே, பெற்றோர் கூட்டங்களில் இதையும் இரண்டு நிமிடம் பேசுங்கள். நம் மாணவர் வீடுகளிலும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். நான் வாய்மூடி நின்றதுபோல் நீங்களும் நிற்க வேண்டா!